கப்பலில் தொடங்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்த ஜெர்மன் விவசாயிகளின் வாழ்க்கையை ஆவணங்களின் வழியே தேடுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: என் மகள் மணந்திருப்பது ஒரு பென்சில்வேனியாக்காரரை. அந்தக் குடும்பத்தில் முதலில் அமெரிக்கா வந்தவர் யோஹானஸ் மில்லர் என்கிறார்கள். விவசாயி. 1780-களில் இறந்தவர் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. பிலடெல்பியா கப்பல் பட்டியல்களில் அதே பெயரில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். யாரை எடுத்துக்கொள்வது? (சென்னை வாசகி)

பதில்: இப்போதைக்கு ஒருவரையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தேடலில் பாதிப்பேர் வழி தவறுவது இந்த இடத்தில்தான். கப்பல் பட்டியல் அச்சாகிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெயர் பொருந்தியதும் ‘இவர்தான்’ என்று முடிவு கட்டி, வேறொரு மில்லரின் வம்சத்தைத் தங்கள் வம்சமாக எழுதி வைத்துவிடுகிறார்கள்.

இறப்பிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முதலில் அவர் எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) இறந்தார் என்று பாருங்கள். அந்தக் கவுண்டி நீதிமன்றத்தில் உயில், சொத்து மதிப்பீட்டுப் பட்டியல், ஏலக் கணக்கு இருக்கின்றனவா என்று தேடுங்கள். அங்கிருந்து நிலப் பத்திரம், வரிப் பட்டியல், தேவாலயப் பதிவேடு. கப்பல் அதற்குப் பிறகு. ஜெர்மன் கிராமம் கடைசி. ஒவ்வொரு படியிலும் பெயரோடு இன்னொரு பிடிமானமாவது பொருந்த வேண்டும்: மனைவியின் பெயர், நிலத்தின் இருப்பிடம், பக்கத்து நிலக்காரர்கள், கையெழுத்து.

அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் வருத்தப்படாதீர்கள். ஒரு வகையில் அது அதிர்ஷ்டம். அப்போது விவகாரம் ‘அநாதைகள் நீதிமன்றம்’ என்ற மன்றத்துக்குப் போகும். தாய் உயிரோடு இருந்தாலும், தகப்பன் இறந்தாலே சட்டத்தின் கண்ணில் பிள்ளை அநாதைதான். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மன்றமே பாதுகாவலரை நியமிக்கும். 14 தாண்டிய பிள்ளை தானே தேர்ந்தெடுக்கலாம். ஆகவே பிள்ளைகளின் வயதை ஓரளவு கணிக்கலாம். 1794 வரை உயிலில்லாச் சொத்தில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. பண்ணையைத் துண்டு போட்டால் யாருக்கும் உதவாது என்று மன்றம் கருதினால், ஒரு மகன் மதிப்பீட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பார். அப்படிக் கொடுத்ததற்கு அவர்கள் எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் கிடைத்தால் விடாதீர்கள். எல்லா வாரிசுகளும், மகள்களின் கணவர்களும், அவரவர் குடியிருந்த ஊரும் ஒரே தாளில் இருக்கும்.

கவுண்டி எல்லைகளையும் கவனியுங்கள். 1723-ல் பென்சில்வேனியாவின் டுல்பஹாக்கன் பள்ளத்தாக்கில் குடியேறி, அங்கிருந்து ஓர் அடி நகராதவருக்குக்கூட மூன்று கவுண்டிகளில் ஆவணம் இருக்கக்கூடும். 1729 வரை அது செஸ்டர், பிறகு லங்காஸ்டர், 1752 முதல் பெரும்பகுதி பெர்க்ஸ். மேற்குப் பகுதியில் இருந்தவரின் பண்ணை இன்று 1813-ல் பிறந்த லெபனான் கவுண்டியில் இருக்கும். ஆனால் அவர் காலத்துத் தாள் அங்கே இருக்காது.

கேள்வி: சொத்து மதிப்பீட்டுப் பட்டியல் ஒன்று கிடைத்தது. சட்டி, பானை, பழைய இரும்பு என்று நீள்கிறது; மொத்த மதிப்பு மிகக் குறைவு. அப்படியானால் அவர் ஏழையா? (கோவை வாசகர்)

பதில்: அந்த முடிவுக்கு வருமுன் பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். நிலம் இருக்காது. அசையும் சொத்தை மட்டுமே எழுதுவது வழக்கம். 200 ஏக்கர்க்காரரும் நூறு பவுனுக்குள் அடங்கிவிடலாம்.

அடுத்து, கலப்பையும் குதிரையும் இருக்கின்றனவா? ஒரு படுக்கை, உடுப்பு, ஒரு பைபிள், சில கடன் பத்திரங்கள் மட்டும் இருந்தால், அவர் பண்ணையை ஏற்கெனவே மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்தவர். கடன் பத்திரத்தில் யார் பெயர் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த மகன்தான், நிலத்துக்கான தவணை பாக்கி. இந்த ஒப்படைப்புக்குத் தனிப் பத்திரம் இருக்கும், கவுண்டிப் பத்திரப் புத்தகத்தில் தேடலாம். ஆண்டுக்கு இத்தனை புஷல் (தானிய முகத்தலளவை) கோதுமை, இத்தனை புஷல் ரை என்ற தானியம், ஒரு பசுவுக்குத் தீவனம், வெட்டி வாசலில் கொண்டுவந்து போட்ட விறகு, தோட்டத்தில் ஒரு பாத்தி, அடுப்படியில் இடம் என்று பெற்றோருக்குரியதை இவ்வளவு நுணுக்கமாக எழுதுவார்கள். விதவைக்கு உயிலில் விட்டுச் செல்வதும் இதே பாணிதான். பாசமில்லாத குடும்பம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் கிராமத்தில் பழகி வந்த முறை அது.

உழைத்துக்கொண்டிருக்கும்போதே இறந்தவரின் பட்டியல் வேறு மாதிரி. வைக்கோல் வெட்டும் பெட்டி, சாணக் கொக்கி, ஆளி நார் சீவும் முள்பலகை, நூற்புச் சக்கரம், சாராயம் வடிக்கும் செப்புக் கொப்பரை, வார்ப்பிரும்பு அடுப்புத் தகடுகள். அந்தத் தகடுகள் முக்கியம். ஆங்கிலேயர் திறந்த கணப்பில் குளிர் காய்ந்தபோது, ஜெர்மானியர் சுவரோடு ஒட்டிய ஐந்து தகட்டு அடுப்பால் கூடத்தைச் சூடாக்கினார்கள். அண்டை அறையின் கணப்பிலிருந்துதான் அதற்கு நெருப்பு. ஆகவே பட்டியலில் அடுப்பு இருந்தால் வீட்டின் அமைப்பே தெரிந்துவிடும்: நடுவில் புகைபோக்கி, ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் கூடம், அதன் பின்னே படுக்கையறை. லங்காஸ்டர் அருகே 1719-ல் கட்டிய ஹான்ஸ் ஹெர் வீட்டின் நடுவில் அந்தப் புகைபோக்கி இன்றும் நிற்கிறது.

பட்டியலின் தேதியைப் பார்க்காமல் படிக்காதீர்கள். கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைத்து அடுத்த கோடையில் அறுப்பார்கள். நவம்பர் முதல் ஜூன் வரை எழுதிய பட்டியலில் ‘நிலத்தில் நிற்கும் பயிர், இத்தனை ஏக்கர்’ என்ற வரி வரும். சாகுபடிப் பரப்பு நேரடியாகக் கிடைப்பது அங்கேதான். ஆகஸ்டில் எழுதியதென்றால் அது களஞ்சியத்துக்குள் போயிருக்கும், கதிர்க்கட்டாகவோ புஷலாகவோ. சில பட்டியல்களில் ‘வேலைக்காரப் பையனின் மீதிக் காலம்’ என்று ஒரு தொகை வரும். பயணக் கட்டணத்துக்காக ஒப்பந்தத்தில் வந்த பையனின் மிச்ச ஆண்டுகளுக்கு விலை போட்டிருக்கிறார்கள்.

பவுன் என்றால் லண்டன் பவுன் என்று எண்ண வேண்டாம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். ஒரு ஸ்பானிய வெள்ளி டாலர் லண்டன் கணக்கில் 4 ஷில்லிங் 6 பென்ஸ். பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது பட்டியலில் 100 பவுன் என்றால் லண்டன் மதிப்பில் ஏறத்தாழ 60. ஏலக் கணக்கு இருந்தால் வாங்கியவர் பெயர்களை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பழைய மண்வெட்டியையும் பைபிளையும் ஏலத்தில் எடுப்பவர்கள் பெரும்பாலும் மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும்தான்.

கேள்வி: பென்சில்வேனியா நில வரைபடத்தில் ‘பெர்ச்’ என்ற அளவு வருகிறது. இங்கே காணி உறுதியில் வரும் அதே பேர்ச்சா? நில ஆவணங்களை எந்த வரிசையில் வாசிக்க வேண்டும்? (கொழும்பு வாசகர்)

பதில்: அதேதான், இரண்டுக்கும் பூர்வீகம் ஆங்கில நில அளவை. 160 பேர்ச் ஒரு ஏக்கர். ஆனால் பென்சில்வேனியா வரைபடத்தில் அது நீள அளவாகவும் வரும்: ஒரு பெர்ச் பதினாறரை அடி, 320 பெர்ச் ஒரு மைல். எல்லைக் கோட்டின் மேல் எழுதியிருந்தால் நீளம். மொத்தப் பரப்பில் ‘ஏக்கர், பெர்ச்’ என்று வந்தால் சதுரக் கணக்கு.

வரிசை இது. முதலில் விண்ணப்பம், 1765-க்கு முன் பலவும் வாய்மொழியாகவே நடந்தன. அடுத்து ‘வாரன்ட்’, அதாவது இன்னாருக்கு இத்தனை ஏக்கர் அளந்து கொடு என்று நிலத்துறை சர்வேயருக்கு இடும் உத்தரவு. பிறகு சர்வே, சர்வேயர் அனுப்பும் அறிக்கை, முழுப் பணமும் கட்டிய பின் ‘பேட்டன்ட்’ என்ற இறுதிப் பட்டா. பலர் வாரன்டோடு நின்றுவிட்டார்கள். உழ அதுவே போதும், பட்டா என்றால் மீதிப் பணம் கட்ட வேண்டுமே! மகனோ பேரனோ முப்பது நாற்பது ஆண்டு கழித்து எடுத்த பட்டாவைப் பார்த்துவிட்டு, குடும்பம் அந்த ஆண்டில்தான் வந்தது என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

வாரன்டின் தேதியும் குடியேறிய தேதி அல்ல. மாகாணத்தின் உரிமையாளர் வில்லியம் பென் 1718-ல் இறந்த பிறகு வாரிசு வழக்கில் நில விற்பனை ஏறக்குறைய முடங்கிக் கிடந்தது. 1730-களின் தொடக்கத்தில்தான் சீரானது. இடையில் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, காட்டைத் திருத்தி உட்கார்ந்துவிட்டார்கள். வாரன்டில் ‘வட்டியும் நிலவாடகையும் இன்ன ஆண்டு மார்ச் 1 முதல்’ என்ற ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். 1757-ல் எழுதிய வாரன்டில் 1749 என்று இருந்தால், அவர் மண்ணில் கை வைத்தது 1749-ஐ ஒட்டி.

விலை 1732 முதல் 100 ஏக்கருக்கு 15 பவுன் 10 ஷில்லிங், அதோடு ஆண்டு நிலவாடகை ஏக்கருக்கு அரை பென்னி. 150 ஏக்கர் என்றால் 23 பவுன் 5 ஷில்லிங், ஆண்டுக்கு 6 ஷில்லிங் 3 பென்ஸ். 1765-ல் விலையை 100 ஏக்கருக்கு 5 பவுன் ஸ்டெர்லிங்காகக் குறைத்து, வாடகையை ஏக்கருக்கு ஒரு பென்னியாக ஏற்றினார்கள்.

நிலத்தை நீங்களே வரைந்து பார்க்கலாம். ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, ‘வடக்கு 40 பாகை கிழக்கு, 120 பெர்ச், ஒரு கல் வரை’ என்ற பாணியில் சுற்றி வந்து அதே மரத்தில் முடியும். கோணமானியும் அளவுகோலும் போதும். கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் சேரவில்லையென்றால், நகலெடுத்தவர் கிழக்கை மேற்காக்கியிருப்பார், அல்லது ஒரு கோட்டையே விட்டிருப்பார். ஒவ்வொரு கோட்டின் திசையையும் புரட்டிப் பார்த்தால் பிடிபடும். வரைந்த பரப்பு எழுதியதைவிட 6 சதவீதம் கூடுதலாக வந்தால் பிழையில்லை. பாதைக்காக அவ்வளவு சேர்த்துக் கொடுப்பது அங்கே விதி. திசை காந்த ஊசிப்படி எடுத்தது என்பதால், இன்றைய வரைபடத்தின் மேல் வைக்கும்போது சில பாகை திருப்ப வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு கோட்டுக்கு வெளியிலும் பக்கத்து நிலக்காரர் பெயர் இருக்கும். அத்தனை பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தேவாலயப் பதிவேட்டிலும் கப்பலிலும் அவர்களைத் திரும்பச் சந்திப்பீர்கள். மூல ஆவணங்கள் ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கேள்வி: எல்லாருக்கும் ஏன் யோஹான் என்றே பெயர்? அண்ணனும் யோஹான், தம்பியும் யோஹான். (மதுரை வாசகர்)

பதில்: அது முன்னால் ஒட்டிக்கொள்ளும் பெயர். யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர் இருவரையும் வீட்டில் கூப்பிட்டது கியோர்க், பீட்டர் என்றுதான். ஆனால் ‘யோஹானஸ்’ என்று தனியாக வந்தால் அது கூப்பிடும் பெயரே. பெண்கள் பெரும்பாலும் அன்னா, மரியா. தேவாலயப் பதிவேட்டில் பெண்ணின் குடும்பப் பெயரோடு ‘இன்’ சேர்ப்பார்கள். ‘முல்லரின்’ என்று கண்டால் முல்லர் வீட்டுப் பெண். அதைத் தனிக் குடும்பப் பெயராக எண்ணித் தேடினால் எங்கும் கிடைக்காது.

எழுத்தரின் காதும் ஒரு காரணி. இவர்களில் பலர் வந்த ரைன் ஆற்றுப் பகுதியான பலாட்டினேட்டின் பேச்சில் P-க்கும் B-க்கும், T-க்கும் D-க்கும், K-க்கும் G-க்கும் வேறுபாடு மங்கல். ஆங்கில எழுத்தர் கேட்டதை எழுதினார். பின்னாளில் ஷ்மிட் ஸ்மித்தானார், சிம்மர்மான் கார்பென்டர் ஆனார். சகோதரர் ஒருவர் சிம்மர்மானாகவே நிற்க, இன்னொருவர் கார்பென்டர் ஆவதும் உண்டு.

கேள்வி: பிலடெல்பியா பட்டியலில் எங்கள் நண்பரின் முன்னோர் பெயரே இல்லை. வேறு எங்கே தேடுவது? (திருச்சி வாசகர்)

பதில்: அந்தப் பட்டியல்கள் 1727 முதல் 1775 வரை மட்டுமே. 16 வயது நிரம்பிய ஆண்கள் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று மாகாண அரசு விதித்ததால் உருவானவை. பெண்களும் பிள்ளைகளும் சில கப்பல்களில் மட்டும் எழுதப்பட்டார்கள். ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை இருக்கலாம்: கப்பல் தலைவர் கொடுத்தது, விசுவாசப் பிரமாணம், 1729 முதல் போப்பையும், பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டுவர்ட் வம்ச வாரிசையும் மறுக்கும் பிரமாணம். நோயில் படுத்தவர் நீதிமன்றத்துக்கு வந்திருக்க மாட்டார். முதல் பட்டியலில் மட்டும் இருப்பார். ஆகவே மூன்றையும் பாருங்கள். பிரமாணத்தில் இருப்பது பயணியின் சொந்தக் கையெழுத்து அல்லது அவர் இட்ட குறி. 1934-ல் அச்சான மூன்று தொகுதிப் பதிப்பில் ஒரு தொகுதி முழுக்க அந்தக் கையெழுத்துகளின் நகல்தான். உயிலில் உள்ள கையெழுத்தை அதோடு ஒப்பிடுங்கள். சென்னை வாசகியின் ஏகப்பட்ட மில்லர்களைச் சலித்தெடுக்க இதைவிட நல்ல சல்லடை கிடையாது. உயிலில் சரளமாகக் கையெழுத்திட்டவர் பிரமாணத்தில் வெறும் குறி போட்டிருந்தால், சந்தேகப்படுங்கள். தலைகீழாக இருந்தால் கவலையில்லை. சாகக் கிடப்பவர் கை நடுங்கிக் குறி இடுவது இயல்பு.

பிலடெல்பியா வழியே வராதவர்களும் உண்டு. கான்ராட் வைசர் நல்ல உதாரணம். 1696-ல் வூர்ட்டம்பர்க்கில் பிறந்தவர். 1709-ன் பெரும் புலம்பெயர்வில் தந்தையோடு லண்டன் வந்து, 1710-ல் நியூயார்க் சேர்ந்தார். ஆளுநர் ராபர்ட் ஹன்டர் இவர்களை ஹட்சன் ஆற்றங்கரையில் வைத்து, கடற்படைக்குத் தார் காய்ச்ச வைத்தார். அங்கிருந்த வெள்ளைப் பைனில் தேவையான பிசின் இல்லை. பணமும் தீர்ந்து, அரசு கொடுத்துவந்த உணவுப் படி 1712-ல் நின்றது. பலர் அதே நியூயார்க்கில் உள்ள ஸ்கோஹாரிக்குப் போனார்கள். அங்கும் நில உரிமை வழக்கு. 1723-ல் சில குடும்பங்கள் சஸ்குவெஹானா ஆற்றின் வழியே டுல்பஹாக்கன் வந்தன. வைசர் 1729-ல் வந்தார். மோஹாக் என்ற பூர்வகுடி மக்களோடு வாழ்ந்து மொழி கற்றதால் மாகாணத்தின் மொழிபெயர்ப்பாளராகப் புகழ்பெற்றாலும், பண்ணையை விடவில்லை. இவரைப் பிலடெல்பியா கப்பலில் நூறு ஆண்டு தேடினாலும் கிடைக்க மாட்டார். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களுக்கு ஹன்டரின் படிக் கணக்குகளைப் பாருங்கள். குடும்பத் தலைவர் பெயரும், பத்து வயதுக்கு மேல் எத்தனை பேர், கீழ் எத்தனை பேர் என்பதும் இருக்கும்.

இன்னொரு வழி குடியுரிமைப் பதிவு. 1740-ன் சட்டப்படி ஏழாண்டு குடியிருப்பு, ஒரே மூச்சில் இரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போகாமை, மூன்று மாதத்துக்குள் புராட்டஸ்டன்ட் சபையில் நற்கருணை பெற்ற சான்று, 2 ஷில்லிங் கட்டணம். பதிவில் பெயர் இருந்தால் ஏழாண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிந்திய கப்பல்கள் எல்லாம் தள்ளுபடி.

கேள்வி: 1749-ல் கப்பல், 1757-ல் நிலம். நடுவில் எட்டு ஆண்டு எந்தத் தாளும் இல்லை. எங்கே போனார்? (சிங்கப்பூர் வாசகி)

பதில்: யாரோ ஒருவர் பண்ணையில் கட்டணத்துக்காக உழைத்துக்கொண்டிருந்திருப்பார். ரைன் ஆற்றில் ரோட்டர்டாம் வரை வருவதற்குள்ளேயே சுங்கச் சாவடிகளில் பலரின் கைப்பணம் கரைந்துவிடும். 1750-ல் வந்த காட்லீப் மிட்டல்பெர்கர், ஹைல்பிரானிலிருந்து ஹாலந்து வரை 36 சாவடி என்றும், கடல் கட்டணம் பெரியவருக்கு 10 பவுன் என்றும் எழுதினார். கட்ட முடியாதவரின் கடனை அடைத்து வாங்கிக்கொள்பவருக்கு மூன்று முதல் ஆறு ஆண்டு உழைக்க வேண்டும். பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் 21 வயது வரை. பாதிக் கடல் தாண்டியபின் துணை இறந்தால், இறந்தவரின் கட்டணமும் மிஞ்சியவர் தலையில். இந்த ஆண்டுகளில் நிலமில்லை, வரியில்லை, ஆகவே தாளும் இல்லை. 1771 அக்டோபர் முதல் 1773 அக்டோபர் வரையிலான ஒப்பந்தங்கள் பிலடெல்பியா மேயர் அலுவலகப் பதிவேட்டில் பெயர், எசமான், ஊர், காலம், தொகையோடு கிடைக்கின்றன. மற்ற ஆண்டுகளுக்கு, ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃப் சவர் 1739-ல் தொடங்கிய ஜெர்மன் பத்திரிகையின் விளம்பரங்களைப் புரட்டலாம்: ஓடிப்போன வேலையாள், பிரிந்த சகோதரியைத் தேடும் அண்ணன்.

கேள்வி: கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகத் தேதிகள் காட்டுகின்றன. (நெல்லை வாசகர்)

பதில்: அவசரப்பட்டு யாரையும் பழிக்க வேண்டாம், முதலில் காலண்டரைப் பாருங்கள். 1752-க்கு முன் ஆங்கிலச் சட்டத்தில் புத்தாண்டு மார்ச் 25. ஆங்கில எழுத்தரின் 1745 பிப்ரவரி நமக்கு 1746 பிப்ரவரி. ஜெர்மன் போதகரோ ஜனவரியிலேயே ஆண்டை மாற்றியிருக்கலாம். போதாததற்கு, 1752-ல் செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் தாளில் ‘முதல் மாதம்’ என்றால் அதுவரை மார்ச். இதையெல்லாம் சரிசெய்த பின்னும் கணக்கு உதைத்தால், உதைக்கட்டும்.

கேள்வி: தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்பிய ஹாலேக்கும் பென்சில்வேனியாவுக்கும் தொடர்பு உண்டாமே? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: உண்டு. சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடி வந்தார். அங்கே ஓடிய தமிழ் அச்சகத்துக்கு முதல் எழுத்துகள் வார்த்துக் கொடுத்தது ஜெர்மனியின் ஹாலே நகரம். அந்நகரின் பிராங்கே என்ற கிறிஸ்தவ நிறுவனம்தான் 1742-ல் ஹென்ரி மெல்கியோர் மூலென்பர்க்கைப் பென்சில்வேனியாவின் லூத்தரன் சபைகளுக்கு அனுப்பியது. அவர் 1745-ல் மணந்தது மேலே சொன்ன வைசரின் மகள் அன்னா மரியாவை. இரு திசைகளிலிருந்தும் வந்த கடிதங்களையும் அறிக்கைகளையும் ஹாலே காப்பகம் சேர்த்து வைத்திருக்கிறது.

தேடுபவருக்கு இதில் ஒரு பயன். லூத்தரன் போதகர் சிலர் அடக்கக் குறிப்பில் இறந்தவரின் பிறந்த ஊர், வந்த ஆண்டு, மனைவி மக்கள் வரை எழுதினார்கள். ஊர் ஊராகச் சுற்றிய போதகர்கள் சபைப் புத்தகத்தில் எழுதாமல் தங்கள் சொந்தப் புத்தகத்தில் எழுதிக்கொண்டதும் உண்டு. யோஹான் காஸ்பர் ஸ்டோவரின் புத்தகம் 1730 தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீள்கிறது. ஆகவே சபையை மட்டுமல்ல, போதகரையும் தேடுங்கள். ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோராக நின்றவர்கள் பெரும்பாலும் உறவினர் அல்லது ஒரே ஊர்க்காரர். மெனோனைட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவுக் குடும்பமென்றால் குழந்தை ஞானஸ்நானமே கிடையாது. உயிலும் நிலமும்தான் கதி.

கேள்வி: ஜெர்மனியில் கிராமத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? (பெங்களூரு வாசகர்)

பதில்: கணவன், மனைவி, குறைந்தது இரண்டு பிள்ளைகள் பிறந்த தேதியோடு பொருந்த வேண்டும். அந்தக் குடும்பம் கப்பல் ஆண்டுக்குப் பிறகு கிராமப் பதிவேட்டில் ஞானஸ்நானத்திலும் அடக்கத்திலும் வரக்கூடாது. நீங்கள் தேடுபவர் அங்கேயே 1760-ல் அடக்கமானதாகக் கண்டால் ஆட்டம் முடிந்தது. வேறு கிராமம் பாருங்கள். ‘பென்சில்வேனியா போனார்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தால் யோகம். புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் பலவற்றை ஆர்கியோன் இணையதளத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பண்ணையடிமை நிலையிலிருந்து விடுபடவும் சொத்தை வெளியே கொண்டுபோகவும் பிரபுவுக்குப் பணம் கட்டிய பதிவுகள் தனி. தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் பகுதிக்குக் கார்ல்ஸ்ரூ காப்பகத்தில் இருக்கின்றன. பணம் கட்டாமல் இரவோடிரவாகப் போனவர்களும் இருந்தார்கள். பின்னாளில் ஊரில் பாகப்பிரிவினை நடக்கும்போது, ‘அமெரிக்காவில் இருக்கும் மகன்’ என்று அவர்கள் பெயர் எட்டிப் பார்க்கும். கிராமச் சொத்துப் பங்கீட்டுத் தாள்களையும் கேட்டுப் பாருங்கள்.